நாலாம் நிமிசம், பதினேழாம் செக்கன்

கச்சேரி முடிந்தும் காது இரைகிறது.
பம்பலப்பிட்டி மண்டபத்திலிருந்து
தண்டவாளக் கரையாய் நடந்தே வந்துவிட்டோம்
வெள்ளவத்தை வரைக்கும்
சண்டை பிடித்தபடி.
பணிஸ் கடைக்காரன் கதவைப் பாதி இறக்கிவிட்டான்.
குனிந்து உள்ளே போனோம்.
நாலு பிளேன்ரீ. கடைசிச் சுடுதண்ணி.

ஒர்வில் போன பிறகு ‘கறள்’ ஒரு குழுவே இல்லை
என்கிறான் ரிஃப்கான்.
வங்கியில் ஊரார் காசை எண்ணுகிறவன்,
ஒர்விலின் சுரங்களையும் எண்ணி வைத்திருக்கிறான்:
செக்கனுக்குப் பதினொன்று,
ஒன்றுகூட வழுக்காது.
“மின்னல் மச்சான், அது மின்னல்.”

மின்னல் மெல்பேர்ன் போய் ஒன்பது வருசம்.
அங்கே குசினி அலுமாரி பூட்டித் திரிகிறதாம்.

“வேகம் நூற்றைம்பத்தைந்தாம் நம்பர் பஸ்ஸிலயும் இருக்கு,
அதுக்கு ஆர் கைதட்டுறது?”
துவாரகா பணிஸைப் பிய்த்து
மீனை மட்டும் தின்கிறாள்.
அவளுக்கு மலீஷாதான்.
மலீஷா ஒரு சுரத்தைப் பிடித்தால் விடமாட்டாள்,
ஈரச் சாரத்தைப் பிழிகிற மாதிரி
கடைசிச் சொட்டு வரை.
அதோடு, வாசிக்கும்போது
பல்லுக்கொதி வந்தவன்போல்
முகத்தைக் கோணாத முதல் ஆள்.

“எல்லாம் ஒர்விலின்ர பாட்டு.
தன்ர எண்டு என்ன வாசிச்சவள்?”
இது இனோஷ்.
அவன் எந்தக் கட்சியுமில்லை,
இரண்டு பக்கமும் விறகு போடுவான்.

“வாடகை வீடுதான் நானும்.
சமைக்கிறது என்ர சமையல்.”

நான் சேந்தன் என்றேன்.
மூன்று பேரும் ஒரே சுருதியில் “ஐயோ” என்றார்கள்.
இன்றிரவு அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம்.

பதினொரு மாதம் வாசித்தவன்.
ஒர்விலுக்கும் மலீஷாவுக்கும் நடுவில்
பஸ் சீற்றில் துவாய் போட்டு இடம் பிடித்தவன்போல்
இருந்துவிட்டு எழும்பிப் போனவன்.
ரொறன்ரோ என்கிறார்கள், வவுனியா என்கிறார்கள்,
கல்யாணம் என்கிறார்கள்.

ஆனால் தெஹிவளையில் அன்றைக்கு
நாலாம் தந்தி அறுந்தபோது நான் பார்த்தேன்.
நிற்பாட்டவில்லை.
குழி தோண்டிய காலி வீதியில்
ஓட்டோக்காரன் சுற்றிப் போவதுபோல்
இல்லாத தந்தியைச் சுற்றிச் சுற்றிப் போனான்
ஐந்து பாட்டுக்கு.

“கதை வேணாம், சாட்சி காட்டு.”

எடுத்தேன். கண்ணாடி வெடித்த பழைய போன்.
அந்த ஒலிப்பதிவு அதற்குள் மட்டும்தான் இருக்கிறது.
மேசை நடுவில், சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தேன்.
நாலாம் நிமிசம், பதினேழாம் செக்கன்:
மண்டபத்துக்குப் பின்னால் ரயில் ஊதுகிறது,
சேந்தனின் கிற்றார்
தன் சுரத்தைக் கைவிட்டு
மேலே வளைந்து வளைந்து
ரயிலின் குரலைத் தொட்டு
அங்கேயே நிற்கிறது.

யாரும் தேத்தண்ணி உறிஞ்சவில்லை.

பிறகு ரிஃப்கான் சொன்னான்:
“தற்செயல்.
அப்ப ரயிலையல்லோ குழுவுக்கு எடுத்திருக்கவேணும்.”
துவாரகாவுக்குப் புரையேறியது.
கடைக்காரனும் சிரித்தான்,
தமிழ் விளங்கியதா தெரியாது.

நான் சொல்லாத ஒன்றுண்டு.
அன்றிரவு வயர் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து
சேந்தன் கேட்டான்:
“பதிஞ்சனியே? ரயில் வந்த இடத்தில
விரல் வழுக்கிப் பிழைச்சுப்போச்சு.
அதை மட்டும் அழிச்சுவிடு.”
ஓம் என்றேன்.
அவன் என் தோளில் தட்டிய கை
வேர்த்திருந்தது.

ஒர்விலுக்கு ஒரு பிழைகூட வராது.
மலீஷா பிழையையும் பழகிவிட்டு வருவாள்.
இதையெல்லாம் நான் ஒத்துக்கொள்வேன்,
கேட்டால்.
ஒருவரும் கேட்கவில்லை.

கடைக்காரன் விளக்கில் ஒன்றை அணைத்தான்.
இனோஷ் சில்லறை பொறுக்குகிறான்,
முப்பது ரூபா குறைகிறது.
துவாரகா ஓட்டோவுக்கு விலை பேசுகிறாள்,
சிங்களத்தில், மலீஷாவின் ரசிகை என்ற மிடுக்கோடு.

ரிஃப்கான் மட்டும் எழும்பவில்லை.
போனைத் தன் பக்கம் இழுத்தான்.
“திருப்பிப் போடு” என்றான்.
“ரயிலுக்காக மட்டும்.”